ஆட்டத்துக்கு முன் அரை நிமிட ஸ்ட்ரெச்சிங் காயத்தைத் தடுக்குமா?

எடைமேடை:
மூட்டசைவைக் கூட்டுவது பற்றித் தடகளத்தான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு தசையையும் 30 விநாடி அசையாமல் இழுத்துப் பிடிப்பவனுக்குக் காயம் வராது, வந்தால் அவன் சரியாக இழுக்கவில்லை என்று பொருள்" என்கிறார். எது நடந்தாலும் சொன்னவரே வெல்லும்படி அமைந்த இந்த வாக்கியத்தை இளம் வீரர்கள் நம்பிவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டு வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1538 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் ஒவ்வொரு வார்ம்-அப்பிலும் காலின் 6 தசைத் தொகுதிகளை 20 விநாடி வீதம் இழுக்கச் செய்தார்கள். 12 வார முடிவில் இழுத்த 735 பேரிடம் 158 காயங்கள். இழுக்காத 803 பேரிடம் 175. வகுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தடகளத்தான்:
நான் எழுதியது 30 விநாடி. நீங்கள் கொண்டுவந்திருப்பது 20 விநாடி. மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுத்துவிட்டு மருந்தே பயனற்றது என்று தீர்ப்பு எழுதுவது உங்களுக்குப் புதிதல்ல. மேலும், மூட்டை முடிச்சோடு அணிவகுத்து நடப்பவர்களின் காயங்களும் வேக ஓட்டக்காரனின் தொடைக் காயமும் ஒன்றா?

மூட்டியல் மாணவி:
இருவரும் தொடர்வதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். பிறர் பிடித்து இழுத்தால் மூட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பற்றிப் பேசுகிறோமா, அல்லது வீரர் தம் சொந்த வலிமையால் அதே எல்லைவரை சென்று கட்டுப்பாட்டோடு திரும்பும் திறனைப் பற்றியா? இரண்டுக்கும் பயிற்சி வேறு.

எடைமேடை:
20 விநாடியில் துளியும் தெரியாத பயன் கூடுதல் 10 விநாடியில் பொழிந்துவிடும் என்று நம்புகிறவரிடம் என்ன சொல்வது? நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். ஒரு தசையை 60 விநாடியோ அதற்கு மேலோ இழுத்த உடனே அதன் செயல்திறன் சராசரியாக 4.6 விழுக்காடு குறைவதை 2016ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது.

தடகளத்தான்:
அதே தொகுப்பாய்வில், 60 விநாடிக்குக் குறைவாக இழுத்தால் இழப்பு 1.1 விழுக்காடு மட்டுமே என்று இருப்பதை ஏன் விழுங்கினீர்கள்? 30 என்பது 60ஐ விடக் குறைவு. 20ஐ விட அதிகம். வேக ஓட்டம் உள்ள விளையாட்டுகளில் தசைக் காயம் குறைய வாய்ப்புண்டு என்றும் அதில் இருக்கிறதே, அந்தப் பக்கத்தையும் புரட்டியிருக்கலாம். ஐஸ் ஒத்தட விவாதத்திலும் இப்படித்தான் பாதியை மறைத்தீர்கள்.

எடைமேடை:
ஐஸ் ஒத்தட விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியவர் யார் என்பது இங்கே அனைவருக்கும் தெரியும். போகட்டும். தொடைப் பின்தசையைக் காப்பது எதுவென்று கேட்டால், டென்மார்க்கின் 50 கால்பந்து அணிகளில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முழங்காலிட்டு, துணைவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடலை மெதுவாக முன்னே சரியவிடும் நார்டிக் பயிற்சியைச் செய்த அணிகளில் 15 ஹாம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்தசை) காயங்கள். செய்யாத அணிகளில் 52. இந்தப் பயிற்சியில் தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. வாரக்கணக்கில் செய்தால் தசை இழைக் கற்றைகளே நீளமாகின்றன, நீண்ட நிலையிலும் வலிமை கிடைக்கிறது. முழு வேக ஓட்டத்தில் கால் முன்னே வீசப்படும் கடைசிக் கணத்தில் தேவைப்படுவது இதுதான். அசையாமல் இழுப்பவருக்குச் சில வாரங்களில் கூடுவதோ பெரும்பாலும் இழுவலியைப் பொறுக்கும் சக்தி. குனிந்து கால்விரலைத் தொட்டுவிட்டோம் என்று மார்தட்டலாம். தசை காப்பாற்றப்பட்டதாக ஆகாது.

வளைதளம்:
ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்றுநராக ஒரு வார்த்தை. எங்கள் விளையாட்டில் அசைவு எல்லை இல்லாமல் ஆட்டமே இல்லை என்பதால் ஸ்ட்ரெச்சிங்கை இப்படிக் குப்பையில் போட முடியாது. ஆனால் மூட்டு இயல்பாகவே தளர்ந்த பிள்ளைகளும் வருகிறார்கள். மூட்டுத் தளர்வை மதிப்பிடும் 9 புள்ளி பெய்டன் அளவுகோலில் அதிகம் பெறும் பிள்ளையை மேலும் இழுப்பதைவிட வலிமை கொடுப்பதே முறை. கணுக்கால் இறுகியவருக்கு வேறு வழி. முழங்காலைச் சுவரில் தொடவைத்து, குதிகால் எழாமல் பாதம் எவ்வளவு பின்னே போகிறது என்று அளந்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே விநாடிக் கணக்கு எதற்கு?

தடகளத்தான்:
வளைதளமே ஸ்ட்ரெச்சிங் தேவை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். நன்றி.

வளைதளம்:
நான் ஒப்புக்கொண்டது அதை அல்ல. நான்கு வரி தாண்டிப் படிக்கும் பொறுமை வேண்டும்.

எடைமேடை:
அவருக்கு விநாடி எண்ணத்தான் நேரம் இருக்கிறது. வார்ம்-அப் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கால்பந்து வீரர்களுக்கான 'ஃபிஃபா 11+' முறை இருக்கிறது: ஓட்டம், வலிமை, சமநிலை, தாவல் எல்லாம் சேர்த்து 20 நிமிடம், அசையாமல் இழுத்துப் பிடிப்பது அதில் கிடையாது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள கால்பந்து வீராங்கனைகளிடம் சோதித்தபோது மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008இல் வெளியானது.

தடகளத்தான்:
அந்த ஆய்வு முதன்மையாக அளக்கப் புறப்பட்டது காலில் ஏற்படும் காயங்களை. அதில் கிடைத்த குறைவு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும் நேர்மை இருந்திருக்கலாம். என் எண்ணில் 10 விநாடி இடைவெளிக்கு அவ்வளவு கேலி செய்தவர், தம் ஆய்வில் இருக்கும் ஓட்டையைத் தாண்டிக் குதிக்கிறார்.

எடைமேடை:
கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியானது உறுதியாகவே இருந்தது. அதை நீங்கள் தாண்டிக் குதித்தீர்கள். 30 விநாடி இழுத்தவருக்குக் காயமே வராது என்பதற்கு ஓர் ஆய்வாவது காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐஸ் ஒத்தடம்தான் பதிலாக வருகிறது.

தடகளத்தான்:
முதலில் 20க்கும் 30க்கும் வேறுபாடு இல்லை என்பதற்கு ஓர் ஆய்வு காட்டுங்கள், பிறகு பார்க்கலாம். என் வீரர்கள் நாளையும் 30 விநாடிதான் இழுப்பார்கள்.

மூட்டியல் மாணவி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

எடைமேடை:
வேறுபாடு உண்டு என்று சொன்னவர் நீங்கள். நிறுவ வேண்டியவரும் நீங்கள்தான், தடகளத்தான்.