எட்டுக்குள்ள கால் ஊண்டிட்டன்: இனி டியோவோ, பெப்போ?

கிளுவைவேலி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 43, ஊர் உரும்பிராய். இருபது வருசத்துக்கு மேல லேடீஸ் சைக்கிள்ளதான் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய்வாறன். பலாலி ரோட்டில எந்த இடத்தில பள்ளம், எந்த ஒழுங்கை நாய் கலைக்கும் எண்டெல்லாம் எனக்குப் பாடம். இப்ப முழங்கால் மறுக்குது. தம்பி வெளியில இருந்து காசு அனுப்பினவன், கை மாறின டியோ ஸ்கூட்டர் ஒண்டு எடுத்தாச்சு.

லைசென்ஸுக்கு மெடிக்கல் முடிஞ்சுது. எழுத்துச் சோதினை தமிழிலதான் எழுதினனான், பாஸ். சுற்றுவட்டத்தில வலப்பக்கத்தால வாறவைக்கு வழி விட வேணும் எண்டு அதுக்குப் படிக்கேக்கதான் எனக்கே தெரியும். சைக்கிள்ள நான் ஆருக்கும் விட்டதில்லை.

போன கிழமை ஓட்டிக் காட்டுற ரெஸ்ற். தரையில கீறின எட்டு வடிவத்தில கால் ஊண்டாமல் ஓட வேணும். எட்டில முதல் வளைவு வடிவா வந்தது. ரெண்டாவதுக்குத் திரும்பேக்க முன்சில்லைக் குனிஞ்சு பாத்தன், கால் தன்பாட்டில இறங்கீற்றுது. செருப்பு உரஞ்சின சத்தம் அந்த வெளி முழுக்கக் கேட்டது மாதிரி இருந்தது. பேந்து வரச் சொல்லியாச்சு.

நான் பழகின ரைவிங் ஸ்கூலில ஆறு வகுப்பு. அதில ஐஞ்சு நேர் ரோட்டு. எட்டுக்கு ஒரே ஒரு பின்னேரம், அதுவும் பழக்கிற பெடியன் பின்னால கரியரைப் பிடிச்சுக்கொண்டு ஓடிவந்தவன். அவன்ர கையை நம்பித்தான் நான் ஓடியிருக்கிறன் எண்டு ரெஸ்றிலதான் விளங்கிச்சுது.

சித்தியின்ர மகள் சொல்றாள், பாரமில்லாத ஸ்கூட்டி பெப்பில ரெஸ்ற் குடுத்து லைசென்ஸை எடுத்திட்டு டியோவை ஓடலாமாம். அப்பிடிச் செய்யலாமோ?

பழைய_கரியல் எழுதினது:

பிள்ளை, அந்தக் கதையை விடுங்கோ. மோட்டச்சைக்கிளுக்கு ரெண்டு வகுப்பு இருக்கு. 100 சீசீயும் அதுக்குக் குறைவானதும் ஏ1. அதுக்கு மேல ஏ. பெப் 90 சீசீயும் வராது, டியோ 109. ஏ1ஐ வைச்சுக்கொண்டு டியோ ஓடினால் அந்த வண்டிக்கு உங்களிட்ட லைசென்ஸ் இல்லை எண்டுதான் கணக்கு. ஒரு ஆடு குறுக்க பாய்ஞ்சு நீங்கள் விழுந்தாலும் காப்புறுதிக்காரர் முதல் கேக்கிறது லைசென்ஸைத்தான். எடுக்கிறதெண்டால் ஏ எடுங்கோ, ஏ இருந்தால் பெப்பும் ஓடலாம்.

மற்றது, ரெஸ்றுக்குக் கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, போகேக்க பழகுநர் அனுமதிப்பத்திரத்தையும் அடையாள அட்டையையும் ஒரு உறையில போட்டுக் கொண்டு போங்கோ. நான் ஒருக்கா அட்டையை வீட்டில விட்டிட்டுப் பழைய பூங்கா மரத்துக்குக் கீழ அரை நாள் இருந்தனான்.

மூண்டாந்தரம் எழுதினது:

அக்கா, நான் ரெண்டு தரம் விட்டு மூண்டாந்தரம் பாஸான ஆள். பேரைப் பாத்தாலே தெரியும்.

எங்களை மாதிரி சைக்கிள் ஓடிப் பழகின ஆக்களுக்கு வாற வருத்தம் இது. சைக்கிள் சரியப்போகுது எண்டால் காலை ஊண்டுவம், அது உடம்பில ஊறிப்போச்சு. ஸ்கூட்டர் மெதுவாப் போகேக்க சரிஞ்சால் காலால இல்லை, வலக்கையால நிமிர்த்த வேணும். துளி அக்சிலேற்றர் குடுத்தால் தானா நிமிரும். நாங்கள் என்ன செய்யிறம்? பயந்தவுடன அக்சிலேற்றரை முழுக்க விடுறம். வேகம் செத்தால் அது சரியாமல் என்ன செய்யும்?

எனக்கு உதவினது பின் பிறேக். இடக்கை பிறேக்கை ரெண்டு விரலால மெல்லமா, உரஞ்சுற அளவுக்கு மட்டும் பிடிச்சுக்கொண்டு, வலக்கையை ஒரே அளவில வைச்சிருங்கோ. இழுக்கிறதும் பிடிக்கிறதும் சேர்ந்து நடக்கேக்க வண்டி துள்ளாது, ஆடாது. சில புது மொடலில இடக்கை பிறேக் முன்சில்லையும் கொஞ்சம் பிடிக்கும், உங்கடையை முதல் நேர் ரோட்டில ஓடிப் பாத்துக்கொள்ளுங்கோ. எட்டுக்குள்ள வலக்கை பிறேக்கைத் தொடவே வேண்டாம். ஹாண்டில் திரும்பியிருக்கேக்க, அதுவும் மண் பரவின இடத்தில, முன்சில்லைப் பிடிச்சால் சறுக்கும். நான் முதல் தரம் விட்டது அப்பிடித்தான், முழங்கையில இப்பவும் அடையாளம் கிடக்கு.

பிறகு கண். முன்சில்லைப் பாக்காதேங்கோ. வளைவுக்குள்ள போகேக்கயே தலையைத் திருப்பி, அது எங்க முடியுதோ அங்க பாக்கவேணும். கழுத்து நோகும், நோகட்டும். என்ர மனுசன் எட்டின்ர ரெண்டு தலைப்பிலயும் வாளி வைச்சவர். ஒரு வாளியைச் சுத்தத் தொடங்கவே மற்ற வாளியைத் தேடு எண்டு கத்துவார். நாலாம் நாள்தான் கால் மேல நிண்டது.

ஆரையும் பின்னால பிடிக்க விடாதேங்கோ. ஆறு வகுப்பில ஐஞ்சு நேர் ரோட்டெண்டால் அது பழக்கினதில்லை, பெற்றோல் எரிச்சது.

தட்டிவான் எழுதினது:

சுடிதார் போடுறனியளோ அக்கா? சால்வையை இடுப்பில கட்டிப்போட்டு ஏறுங்கோ. பின்சில்லுக்குள்ள போய்ச் சுத்தினதைக் கண்ணால கண்டனான், கழுத்தில இறுகினதும் கத்தரிக்கோல் தேடி ஓடினது நான்தான். ரெஸ்றுக்குச் செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போடுங்கோ. ஹெல்மெற் பட்டியைக் கொழுவிப்போட்டு ஓடுங்கோ, எங்கட ஊரில பாதிப்பேர் அதைத் தொப்பி மாதிரித்தான் வைக்கினம்.

கிளுவைவேலி எழுதினது:

பெப் கதையை விட்டிட்டன், கரியல் ஐயாவுக்கு நன்றி.

இண்டைக்கு விடிய அஞ்சரைக்குக் கோயிலுக்குப் பின்னால இருக்கிற வெறுங்காணிக்குள்ள, அடுப்புச் சாம்பலால எட்டுக் கீறினனான். வாளி ரெண்டும் வைச்சாச்சு. முதல் பத்துத் தரமும் கால் இறங்கினது. பிறகு அந்தப் பின் பிறேக் விசயம் கொஞ்சம் பிடிபட்டுது, வண்டி உறுமிக்கொண்டு நத்தை மாதிரி ஊருது. பதினேழாந்தரம் கால் ஊண்டாமல் ஒரு முழு எட்டு. பாக்க ஆருமில்லை, ஒரு மாடு மட்டும் நிண்டது.

பிறகு மாடு வாளியைத் தட்டிவிட்டிட்டுது. அம்மா சாம்பல் எங்க எண்டு தேடுறா, ஏனெண்டால் மீன் கழுவவேணுமாம்.