செயின்ட் ஹெலினா – அசென்ஷன் ஃப்ளைட் டைம் எவ்ளோ? குழப்பமா இருக்கு

காகித_ராக்கெட்:
நான் வீட்ல கம்ப்யூட்டர்ல ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுற ஆளு. இந்த வாரம் தெற்கு அட்லாண்டிக் நடுவுல செயின்ட் ஹெலினால இருந்து அசென்ஷன் போய்ட்டு திரும்பலாம்னு பிளான், எம்ப்ரேயர் 190ங்கிற சின்ன பயணிகள் ஜெட்தான். தூரம் போட்டா 1,300 கிமீ வருது, டைம் ஒரு சைட்ல 1 மணி 35 நிமிஷம், இன்னொண்ணுல 2 மணி நேரத்துக்கு மேல, எதை நம்புறது? டிக்கெட் சைட்ல டைமிங் பாக்கலாம்னா அந்த ரூட்டே காட்ட மாட்டேங்குது.

ஜன்னல்சீட்:
முதல் சைட் தூரத்தை க்ரூஸ் ஸ்பீடால, அதாவது மேல போய் சீரா பறக்குற வேகத்தால, வகுத்துட்டு போயிருக்கும், 1,300 கிமீயை மணிக்கு 820 கிமீயால வகுத்தா அதே கணக்குதான் வரும். ஆனா டாக்ஸி (தரையில ரன்வே வரைக்கும் ஓடுறது), ஏறுறது, இறங்குறது, காத்து எல்லாம் இருக்குல்ல, அரை மணி சேத்துக்கோங்க, 2 மணி நேரம்னு வச்சுக்கலாம். ரெண்டு தீவுக்கும் ஒரே ஜிஎம்டி டைம்தான், அதனால கடிகாரத்துல குழப்பம் வராது. சைட்ல காட்டாததுக்கு காரணம், அந்த விமானம் 2017 நவம்பர்ல ஆரம்பிச்சதுல இருந்து மாசத்துக்கு ஒரு தடவைதான், சார்ட்டர் (தனியா வாடகைக்கு எடுத்து ஓட்டுறது) மாதிரி.

உப்புக்காத்து:
டைமை விடுங்க பாஸ், ஃப்யூயலைப் பாருங்க. அங்க பக்கத்துல வேற ஏர்போர்ட்டே கிடையாது, இறங்க முடியலன்னா வந்த வழியே திரும்பணும், அதனால 2,600 கிமீக்கும் மேல கொஞ்ச நேரம் சுத்துறதுக்கும் சேத்து போடுங்க, 190க்கு அது தாங்கும். ஜோகன்னஸ்பர்க்ல இருந்து செயின்ட் ஹெலினா போற ஃப்ளைட்டும் இதுக்காகத்தான் போற வழியில நமீபியால நின்னு ஃப்யூயல் போட்டுக்கும்.
செயின்ட் ஹெலினாவுக்குத் திரும்பி வரும்போது ரன்வே 20 பக்கம் ஜாக்கிரதை. ஒரே ஓடுபாதைதான், வடக்கு முனையில இருந்து இறங்குனா 20, தெற்கு முனையில இருந்து இறங்குனா 02. அந்த வடக்கு முனையில மலைச்சரிவு, காத்து மோதி கன்னாபின்னான்னு சுத்தும். 2016 ஏப்ரல்ல சோதனைக்கு வந்த போயிங் 737 முதல் தடவை இறங்க முடியாம மேல போயிடுச்சு, அதுல திறப்பே தள்ளிப்போய் 2017 அக்டோபர்லதான் பயணிகள் சேவை வந்துச்சு. பின்காத்து கொஞ்சம் இருந்தாலும் 02லயே இறங்குங்க.

காகித_ராக்கெட்:
அடப்பாவமே, நான் நேத்து 20லதான் மூணு தடவை மண்ணைக் கவ்வினேன், ஜாய்ஸ்டிக்தான் போச்சுன்னு நெனச்சேன் 😅

பழைய_அட்லஸ்:
அசென்ஷன்ல கவலையே இல்ல, 3,000 மீட்டர் ரன்வே, ஒரு காலத்துல ஸ்பேஸ் ஷட்டிலுக்கே அவசரத்துக்கு வச்சிருந்தாங்க. அந்த ஏர்போர்ட் பேரு வைட்அவேக், அதாவது தூங்காம முழிச்சிருக்கிறது. ராத்திரி பகல்னு பாக்காம கத்துற ஒரு கடல்பறவைக்கு தீவுக்காரங்க வச்ச பேரு அது. இந்த 2 மணி நேரத்தைப் போய் ஆராய்ச்சி பண்றீங்க, 2018 வரைக்கும் அதே தூரத்துக்கு கப்பல்ல ரெண்டு மூணு நாள் ஆகும்.

காகித_ராக்கெட்:
நன்றி எல்லாருக்கும். 02ல ட்ரை பண்ணிட்டு நாளைக்கு வந்து சொல்றேன்.