எதை வைப்பது, எத்தனை வருஷம் வைப்பது: அலுவலக ஆவணங்கள் பற்றி நம் கரையோர அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து, ஏற்றுமதிக் கம்பெனி ஊழியர்:

நண்டும் கணவாயும் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் ஆவணப் பிரிவு என் பொறுப்பு. நான் சேர்ந்தபோது அங்கே இருந்த ஒரே விதி, ‘எதையும் தூக்கிப் போடாதே’. ஓர் அறை முழுக்கச் சாக்கு மூட்டை. ஒருமுறை வாங்குபவர் தரப்பிலிருந்து வந்த தணிக்கையாளர் ஒரேயொரு லாட் எண்ணை, அதாவது ஒரு தொகுதிச் சரக்குக்கு இடும் எண்ணைச் சொன்னார். அந்த நண்டு யாரிடம் வாங்கியது, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வெந்தது, குளிரறை வெப்பநிலை என்ன, அவ்வளவுதான் கேள்வி. பொழுது சாயும்வரை மூட்டைகளைப் பிரித்தோம். கிடைத்த கட்டில் ஸ்டேப்ளர் பின் துருவேறி, தாளின் மூலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. நம் உப்புக்காற்று அப்படி. எடை மெஷின் சீட்டுகளில் எழுத்தே இல்லை. அந்த வெப்ப அச்சு சூட்டில் வெளுத்துவிடும். தாள் மலைபோல் கிடந்தும் கேட்டதற்குக் காட்ட ஒன்றுமில்லை.

அதற்கப்புறம்தான் முறையாக உட்கார்ந்து படித்தோம். இதற்கென்றே ஐஎஸ்ஓ 15489 என்ற தரநிலை இருக்கிறது. 2001-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்டது. ஒரு நிறுவனம் தன் வேலையின் போக்கில் உண்டாக்கியோ பெற்றோ, சான்றாகவும் சொத்தாகவும் காத்து வைக்கும் தகவல் எல்லாமே அதன்படி ஆவணம்தான். காகிதமானாலும் சரி, வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரானாலும் சரி. அது உண்மையானதாக, நம்பத்தக்கதாக, யாரும் கைவைக்காததாக, வேண்டும்போது எடுத்துப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் மூட்டைகள் அடிபட்டது இந்தக் கடைசி இடத்தில்.

அடுத்தது ஆயுள். இதை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அமெரிக்காவுக்குப் போகும் கடல் உணவுக்கு ஹாசாப் (உணவில் ஆபத்து வராமல் கட்டுப்படுத்தும் முறை) பதிவுகளை, குளிர்பதனச் சரக்கென்றால் குறைந்தது ஓராண்டும், உறையவைத்த சரக்கென்றால் 2 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்கு, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். கம்பெனிச் சட்டம் 2013-இன்படி கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டு. ஒரே விற்பனையின் தாள்களுக்கே இப்படி ஆளுக்கொரு கெடு! அதனால் பெட்டி மேல் உள்ளே இருப்பது என்ன என்பதோடு, எந்தத் தேதிக்கு அப்புறம் அழிக்கலாம் என்பதையும் எழுதுகிறோம். வழக்கோ தணிக்கையோ நிலுவையில் இருந்தால் சிவப்பு அட்டை ஒட்டிவிடுவோம்; தேதி வந்தாலும் தொடக் கூடாது.

ராமநாதபுரத்திலிருந்து, ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்:

தம்பி, அரசு அலுவலகங்களில் இது பழைய நடைமுறை. ந.க. எண் என்ற அலுவலகக் கோப்பு எண்ணில் ஓடும் கோப்பு முடியும்போதே ஆயுளையும் எழுதிவிடுவோம். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு. நிரந்தரமானவற்றுக்குத் தனி வகை. கோப்பை நடத்தியவரே அந்த நேரத்தில் முடிவு செய்வதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். பத்து வருஷம் கழித்து வரும் புது ஆளிடம் ‘இது வேண்டுமா’ என்று கேட்டால், எதற்கு வம்பு, இருக்கட்டும் என்றுதான் சொல்வார்.

அழித்ததற்கும் பதிவேடு வேண்டும். தொண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பழைய கோப்பு ஒன்றைக் கேட்டார். ஆயுள் முடிந்து அழித்தாயிற்று. எந்த உத்தரவின் பேரில், எந்தத் தேதியில் என்று பதிவேட்டுப் பக்கத்தையே நகலெடுத்துக் கொடுத்தோம். வெறுமனே ‘காணவில்லை’ என்று எழுதியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார், அதில் நியாயமும் இருந்திருக்கும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆவணங்களைப் பட்டியலும் அட்டவணையும் போட்டு வைக்கச் சொல்கிறது. அதைச் சுமை என்று நினைக்கும் அலுவலகங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பாம்பனிலிருந்து, மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுபவர்:

ஐயா, எங்களுக்கு இது பிழைப்பு. விசைப்படகு இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால், அதை மீட்க உரிமையாளர் ஆவணங்களோடு அங்கே நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. படகு கைமாறியும் சான்றில் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால் பெரும் சிக்கல். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அசல் பதிவுச் சான்று படகின் கேபினுக்குள்ளேயே, பாலித்தீன் பையில் இருந்தது. படகோடு அதுவும் போய்விட்டது. அந்த வீட்டு அக்கா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியதைப் பார்த்தபின், அசல் வீட்டில், கடலுக்கு நகல், சங்கத்தில் ஸ்கேன் என்று ஆக்கிவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்காக ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் வருஷா வருஷம் குவிகின்றன. இவை பழைய பேப்பர் கடைக்குப் போய், வடை மடிக்கும் தாளாகத் திரும்பி வருவதை நானே பார்த்தேன். யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு எண் அதில் எண்ணெயோடு தெரிகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தேவை முடிந்த தகவலை நீக்கச் சொல்கிறது. காகிதத்துக்கும் அதே ஒழுங்கு வேண்டாமா?

மண்டபத்திலிருந்து மறுபடியும்:

கட்டாயம் வேண்டும். எடைக்குப் போடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். தாள் துண்டாக்கும் மெஷினில் போட்டு, பட்டியலில் இரண்டு பேர் கையெழுத்து வாங்குகிறோம். அந்தப் பட்டியலை மட்டும் அழிப்பதில்லை. எதை எத்தனை வருஷம் வைப்பது என்ற எங்கள் அட்டவணையின் மாதிரியை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். சங்கத்துக்கு என்றால் படகுச் சான்று, காப்பீடு, நிவாரண விண்ணப்பம் என மூன்று வரி கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.