அப்டேட்: பேக்யார்ட் கிச்சன் கான்ட்ராக்டர் விஷயம்

ஃப்ரீமாண்ட்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி அவுட்டோர் கிச்சன் கட்ட ஒருத்தர் பாதிப் பணம் முன்னாடியே கேக்குறாரு, குடுக்கலாமான்னு கேட்டிருந்தேன்ல. குடுக்கல. கலிஃபோர்னியால வீட்டு வேலைக்குப் பொதுவா அட்வான்ஸ் 10 சதவீதம் இல்லன்னா 1,000 டாலர், எது கம்மியோ அவ்வளவுதான் வாங்கலாம். இதைச் சொன்னதும் கல்லு ஆர்டர் பண்ணணும்னு இழுத்தாரு, லைசென்ஸ் நம்பர் கேட்டேன், அனுப்புறேன்னாரு, இன்னும் வரல. வந்தா மாநில லைசென்ஸ் போர்டு சைட்ல ஃப்ரீயா செக் பண்ணிக்கலாம், பாண்ட் (வேலையில தப்பு நடந்தா ஈடு கட்டுற உத்தரவாதம்) இருக்கான்னு கூட காட்டும்.

எனக்கு நிஜமா பயம் வந்தது கேஸ் விஷயத்துலதான். பெர்மிட்லாம் வேணாம், கேஸ் லைன நம்ம பையனே இழுத்துருவான்றாரு! அடுப்பு மேடைக்கு வென்ட் (கேஸ் வெளிய போற ஓட்டை) எங்கன்னு கேட்டா லுக் கெட்டுருமாம். சிலிண்டர் ப்ரொப்பேன் காத்தை விட கனம், லீக் ஆனா கீழயே தேங்கும், அடியில வென்ட் இருந்தே ஆகணும். பைப்ல வர்ற கேஸ் லேசு, மேல ஏறும், அதுக்கு மேல வேணும். இதுகூட யோசிக்காதவர்கிட்ட எப்படிங்க குடுக்குறது?

இப்ப வேற ஒருத்தர்கிட்ட பேசிட்டிருக்கேன், ரேட் கூடத்தான், ஆனா எந்த வேலை முடிஞ்சா எவ்வளவுன்னு எழுதியே தர்றாரு. கிரானைட்டா போர்சலினான்னுதான் வீட்ல இன்னும் சண்டை ஓடுது.