அந்த 428 பேரில் நானும் ஒருவன்

கோவில்பட்டிக்காரர்:

காலை ஆறரைக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். இருபது வருடப் பழக்கம். கடைக்கு வருவது ஒரே பேப்பர். அதைப் பிரித்து ஆளுக்கு ஒரு தாளாக எடுத்துக்கொள்வோம். அரசியல் இருக்கும் முதல் தாள் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சிக்கு. விளையாட்டுத் தாள் ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு. உள்ளூர்ச் செய்தி எனக்கு. சத்தமாகப் படிக்க வேண்டும், இல்லையென்றால் தாள் கைமாறிவிடும்.

இந்த இருபது வருடத்தில் நான் அதிகம் கேட்ட எண் 428.

2016 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதி ஒரு மாதத்துக்கு மாநிலத்தின் வாயில் விழுந்து எழுந்தது. ஏப்ரல் 25ஆம் தேதி வைகோ வேட்புமனு தாக்கல் செய்ய வந்தார், வந்த இடத்தில் போட்டியிடவில்லை என்று அறிவித்தார். அன்று அந்தத் தெருவில் நின்றதாகச் சொல்பவர்களை எல்லாம் கூட்டினால் ஊரில் ஒருவர்கூட அன்றைக்கு வேலைக்குப் போயிருக்க முடியாது. அப்புறம் மே 19 எண்ணிக்கை. அதிமுகவின் கடம்பூர் ராஜு 428 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த ஆட்சியில் செய்தித்துறை அமைச்சராகவும் இருந்தார்.

மறுநாள் காலையில் மில் அண்ணாச்சி தாளைப் பிரிக்கவே இல்லை. "எங்க வீட்ல மட்டும் ஆறு ஓட்டுலே. அண்ணன் வீட்ல ஒம்போது. மெட்ராஸ்ல இருந்து மச்சான் குடும்பம் பஸ் ஏறி வந்து போட்டுச்சு, அது நாலு" என்று விரலை மடக்க ஆரம்பித்தார். பக்கத்துப் பெஞ்சில் தோற்ற கட்சிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் கணக்குப் போட்டார், ஆனால் ஓட்டுப் போடாதவர்களை வைத்து. அக்கா மகளுக்குப் பிரசவம், தம்பிக்குக் காய்ச்சல், இரண்டு பேருக்குப் பட்டியலில் பெயரே இல்லை. அந்த வாரம் முழுக்கக் கேட்டுக் குறித்து வைத்திருந்தால் 428ஐப் போல ஐந்து மடங்கு தேறியிருக்கும்.

2021ல் அதே தொகுதியில் கடம்பூர் ராஜுவே மறுபடி ஜெயித்தார். எதிரே நின்றவர் டிடிவி தினகரன், டெல்லி சேனல் வரை பேச்சு. வித்தியாசம் 12,403. பெஞ்சில் ஒருவரும் விரலை மடக்கவில்லை. அவ்வளவு பெரிய எண்ணில் யாரும் தன்னைப் பார்க்க முடியாது போல.

நான் மட்டும் யோக்கியனா என்றால் இல்லை. ஒரு நாள் உள்ளூர் நிருபர் தம்பி கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில், எங்கள் தெருமுனை வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போடவில்லை, ராத்திரி வண்டி தூக்கிப் போடுகிறது என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்துச் செய்தி: "வாகன ஓட்டிகள் கடும் அவதி. சமூக ஆர்வலர்கள் கோரிக்கை." வாகன ஓட்டிகள் நான்தான். சமூக ஆர்வலர்களும் நான்தான். அந்தத் தாளை ஒரு மாதம் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கோடு போட்டார்களா என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

ஒரே ஒரு முறை என் வாயை அடைத்தது ஒரு தீப்பெட்டிக்கார அக்கா. 2021 டிசம்பர் 1ஆம் தேதி தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. 2007ல் ஐம்பது பைசா ஒரு ரூபாயானதற்குப் பிறகு பதினான்கு வருடம் கழித்து அப்போதுதான். எங்கள் ஊருக்கு இது தலைப்புச் செய்தி, ஏனென்றால் வீட்டுக்கு ஒருவராவது அந்த வேலையைத் தொட்டிருப்பார்கள். மினி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த அக்காவின் விரல் நுனியில் பசை காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. மூலப்பொருள் விலை ஏறியது, குளோரேட், சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை என்று பேப்பரில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டார், "பெட்டிக்குள்ள குச்சி எத்தனைன்னு போட்டிருக்காங்களா அண்ணாச்சி?"

போட்டிருந்தார்கள். கீழே சின்னதாக. நான்தான் படிக்கவில்லை. முப்பத்தாறு குச்சி இருந்த பெட்டியில் இனி ஐம்பது. "பெட்டிக்குப் பதினாலு குச்சி கூட அடைக்கணும்லா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு எல்லோரும் ஒரு ரூபாய் ஏறியதைப் பேசிக்கொண்டிருந்தோம். பதினான்கு குச்சியைப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

இனி ஹாக்கி. கோவில்பட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு ஹாக்கியைச் சொல்லாவிட்டால் ஊருக்குள் விடமாட்டார்கள். கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020ல். ஹாக்கிக்கு அப்படி எந்தக் குறியீடும் தேவைப்படவில்லை. 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே மாநில அரசின் விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்த கார்த்தியும் இடம் பிடித்தார்கள். அன்றிலிருந்து பெஞ்சில் உட்காரும் அத்தனை பேரும் அந்தப் பிள்ளைகளுக்குப் பந்து எடுத்துப் போட்டவர்கள் ஆகிவிட்டார்கள்.

நானும் அந்த மைதானப் பக்கம் வருடக்கணக்கில் நடக்கப் போயிருக்கிறேன். நீல நிறத் தரையில் தண்ணீர் தெளித்து, பையன்கள் குனிந்த வாக்கில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அதில் யார் யார் என்று கேட்டால் ஒரு முகமும் நினைவில் இல்லை. ஆனால் கேட்டவர்களிடம் "சின்னப் பிள்ளையிலயே பாத்திருக்கேன்" என்றுதான் சொன்னேன்.

மே 23, பாகிஸ்தான் ஆட்டம். சாயங்காலம் கடையில் ஒரு செல்போனைச் சுற்றிப் பத்துத் தலை. ஒன்பதாவது நிமிடத்தில் கார்த்தி கோல். நாங்கள் கத்திய கத்தலில் சிமெண்ட் லாரியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க வந்த ஒருவர் கிளாஸோடு ஓடி வந்தார். "எங்க ஊர்ப் பையன்!" என்று ஆட்டோத் தம்பி அவரிடம் பெருமையாகச் சொன்னான். அவர் பொறுமையாகச் செல்போனை எட்டிப் பார்த்தார். "ஏம்பா, அது அரியலூர்ப் பிள்ளை. நான் அரியலூரு" என்றார்.

கடையே அமைதியானது. பிறகு பேச்சுவார்த்தை நடந்து, பிறந்தது அரியலூர், விளைந்தது கோவில்பட்டி என்று ஒப்பந்தம் ஆனது. அவருடைய டீக்குக் கடைக்காரர் காசு வாங்கவில்லை. 59வது நிமிடத்தில் பாகிஸ்தான் கோல் போட்டு ஆட்டம் 1-1 ஆனபோது, "ஊர் எல்லைத் தகராறுல கோட்டை விட்டுட்டீங்க" என்று எங்களைத் திட்டிவிட்டுத்தான் லாரியை எடுத்தார். அதற்குப் பிறகு இந்தோனேசியாவை 16-0 என்று அடித்ததும், ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம் வாங்கியதும் தெரிந்த கதை. அந்த லாரிக்காரரைத்தான் மறுபடி பார்க்க முடியவில்லை.

வள்ளியூர்க்காரர்:

428க்கே இவ்வளவு என்றால் எங்கள் ராதாபுரம் தொகுதியைச் சொல்கிறேன், கேளுங்கள். அதே 2016, வித்தியாசம் 49. இன்பதுரை ஜெயித்தார், அப்பாவு தோற்றார். தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்ட தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியதில் வழக்கு மூண்டது. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் அடுத்த தேர்தல் வந்து, 2021ல் அதே தொகுதியில் ஜெயித்து அப்பாவு சபாநாயகரே ஆகிவிட்டார்.

அந்த மறு எண்ணிக்கை நடந்த வாரம் நாகர்கோவில் பஸ்ஸில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். வெள்ளை வேட்டி, மடியில் துணிப்பை. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பேப்பரை என்னிடம் நீட்டி, "இதுல ஒரு கையெழுத்து என்னோடதா இருக்கலாம் தம்பி" என்றார். எத்தனை பேருக்குப் போட்டீர்கள் சார் என்றேன். "மூணு பேருக்கு. அவங்க யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு கேக்கல. கேக்கவும் கூடாது." கொஞ்ச தூரம் போன பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "முப்பது வருஷம் மார்க் ஷீட்ல கையெழுத்துப் போட்டேன், ஒருத்தனும் செல்லாதுன்னு சொன்னதில்ல" என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

சென்னையில் இருக்கும் கோவில்பட்டிக்காரர்:

ஹாக்கி என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்தது. லீக்கில் மலேசியாவை 5-0 என்று அடித்த ஆட்டத்தில் முதல் கோல் கார்த்தியுடையது. அன்றைக்கு என் தொண்டை போய்விட்டது. 12ஆம் தேதி இறுதி ஆட்டம், மறுபடி மலேசியா. இடைவேளையில் 1-3 என்று பின்தங்கி நிற்கிறோம்.

பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஐயா ஒருவர். சாம்பியன்ஸ் டிராபி இங்கே 1996ல் நடந்தபோதும் வந்தாராம், 2005ல் நடந்தபோதும் வந்தாராம். இரண்டு முறையும் இந்தியாவுக்குப் பதக்கம் இல்லை. "நான் உக்காந்தா வெளங்காது தம்பி" என்று எழுந்தார். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை, போய்விட்டார். மூன்றாம் கால்பகுதியின் கடைசி நிமிடத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல், 3-3. 56வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் போட்டார், 4-3. கூட்டம் கத்திக்கொண்டிருக்கிறது, எனக்கு அந்தக் காலி இருக்கைதான் கண்ணில் பட்டது.

வெளியே வந்தால் வாசல் பக்கம் ஒரு வேனில் சாய்ந்து நிற்கிறார். வீட்டுக்குப் போகவில்லை, சத்தத்தை வைத்தே கணக்குப் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் குலுக்கி, "பாத்தியா, வெளிய வந்தேன், ஜெயிச்சாச்சு" என்றார். மூலையில் உட்கார்ந்து அழுத மலேசியப் பையன்களைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. என் வரையில் அந்தக் கோப்பையில் அவருக்கும் பங்கு உண்டு.

கோவில்பட்டிக்காரர், மறுபடியும்:

அந்த ஐயாவைப் பற்றிப் படித்த பிறகு, சொல்லக்கூடாது என்று விட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

2022 பிப்ரவரி 19, நகராட்சித் தேர்தல். அதற்கு முன் நடந்தது 2011ல். 2016 அக்டோபரோடு கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிந்து, ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. எங்கள் ஊரில் 36 வார்டு. பத்து வருடத்துக்கு மேல் அடக்கி வைத்த ஆசை எல்லாம் ஒரே நேரத்தில் வேட்புமனுவாக வெளியே வந்தது. எங்கள் வார்டில் நின்றவர்களில் பாதிப் பேர் என்னை அண்ணாச்சி என்பவர்கள், மீதிப் பேர் மாமா என்பவர்கள். சட்டமன்றத் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று தைரியமாகச் சொல்லலாம், கேட்கும் ஆள் தெரியாத ஆள். வார்டுத் தேர்தலில் அது முடியாது. ஜெயிப்பவரும் தோற்பவரும் நாளைக்கு இதே பெஞ்சுக்குத்தான் டீ குடிக்க வருவார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் "உனக்குத்தாம்ப்பா" என்றேன். மூன்று பேருக்குச் சொன்னது நினைவிருக்கிறது. நான்காவது ஆளுக்கும் சொல்லியிருப்பேன்.

22ஆம் தேதி எண்ணி முடித்தார்கள். ஜெயித்தவர் சால்வையோடு வந்தார், வாழ்த்தினேன், அவருக்கு என் ஓட்டு நினைவிலேயே இல்லை. தோற்ற தம்பி ஒரு வாரம் கடைப்பக்கம் வரவில்லை. வந்த அன்றைக்கு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். பெஞ்சில் எல்லோரும் அவனுக்குத்தான் போட்டோம் என்று சொன்னார்கள். அவ்வளவு பேரும் போட்டிருந்தால் அவன்தான் கவுன்சிலர், அது அவனுக்கும் தெரியும். கடைசியாக என்னிடம் வந்து, மெதுவான குரலில், "மத்தவங்க சொல்றத விடுங்க அண்ணாச்சி. நீங்க போட்டீங்கல்லா?" என்றான்.

"போட்டேன்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு டீ வாங்கிக் கொடுப்பது அவன்தான். வேண்டாம் என்று எத்தனையோ முறை காசை நீட்டிப் பார்த்துவிட்டேன், கடைக்காரர் வாங்குவதில்லை, தம்பி கொடுத்துட்டாப்ல என்கிறார். இன்றைக்குக் காலையிலும் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது.