மறு: ஸ்பின்-ஆஃப்: கிளைக்கதையா, புடைக்கதையா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு படத்திலோ தொடரிலோ வரும் பாத்திரத்தை எடுத்து அதற்கெனத் தனியாகப் பண்ணும் கதைதான் ஸ்பின்-ஆஃப். நம் சொற்பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல் வைப்பது என்ற இந்த இழை நீண்டுவிட்டது. வேண்டிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றின் கீழேயே பதில் எழுதுகிறேன்.

> சீக்வலுக்குத் 'தொடர்ச்சி', ப்ரீக்வலுக்கு 'முன்கதை', ஸ்பின்-ஆஃபுக்குக் 'கிளைக்கதை' என்று முடித்துக்கொள்ளலாம் அண்ணே. மூன்றும் பழகிய சொற்கள்தானே.

'தொடர்ச்சி'யில் எனக்கு மறுப்பில்லை தம்பி. ஆனால் போஸ்டரில் 2 என்று போட்டதையெல்லாம் தொடர்ச்சி என்று எழுதும் பழக்கம் போக வேண்டும். 2007-இல் வந்த பில்லா, 1980 பில்லாவின் மறுஆக்கம். அந்தப் பழைய பில்லாவே 1978-இல் இந்தியில் வந்த டானின் மறுஆக்கம். அப்புறம் 2012-இல் பில்லா 2 வருகிறது. எண் இரண்டு, கதையோ அவன் தாதா ஆவதற்கு முந்தியது, அதாவது ப்ரீக்வல்! பொன்னியின் செல்வன் இதில் சேராது. 2022-லும் 2023-லும் வந்த இரண்டும் ஒரே நாவலின் இரு பாதிகள். முதல் படம் நடுக்கடலில் நிற்கிறது, இரண்டாவது அங்கிருந்து கரைக்கு வருகிறது. அதற்குப் 'பாகம்' போதும்.

முன்கதை என்றால் வாரப் பத்திரிகையின் 'முன்கதைச் சுருக்கம்' நினைவுக்கு வரும், அங்கே பொருள் வேறு என்று சிலர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். இருந்தாலும் இடத்தை வைத்தே வித்தியாசம் புரிந்துவிடும், விட்டுவிடலாம்.

கிளைக்கதையில்தான் எனக்குச் சண்டை. மகாபாரதத்துக்குள் நளன் கதையும் சாவித்திரி கதையும் வருகின்றனவே, அவைதான் கிளைக்கதைகள். மூலக்கதைக்கு உள்ளே முளைத்து உள்ளேயே முடிபவை. ஸ்பின்-ஆஃப் வெளியே போய்விடுகிறது. பிரேக்கிங் பேட் என்ற அமெரிக்க டிவி தொடரில் சால் குட்மேன் இரண்டாம் பருவத்தில்தான் தலைகாட்டுகிறார், பளபளக்கும் சட்டையும் உள்ளூர் டிவி விளம்பரமுமாய் ஒரு வக்கீல். அவரை வைத்து 2015-இல் பெட்டர் கால் சால் என்று தனித்தொடர் தொடங்கி ஆறு பருவம் ஓடியது. இதைக் கிளைக்கதை என்று எழுதினால், பார்க்காதவர் அது பிரேக்கிங் பேடுக்குள் வரும் ஒரு உபகதை என்றுதான் எடுத்துக்கொள்வார். போதாக்குறைக்கு, மென்பொருள் பக்கம் மூலநிரலிலிருந்து பிரித்துத் தனியாக வளர்க்கும் வடிவத்துக்கும் கிளை என்றே எழுதுகிறோம். அந்தக் கிளையைத் திரும்பவும் மூலத்தோடு இணைக்க முடியும். சால் குட்மேன் தொடரை எங்கே கொண்டுபோய் இணைப்பது?

எங்கள் ஊர்ப்பக்கம் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம். அதே வீடு, அதே முகப்பு, அதே வளவு. ஆனால் அடுப்பு தனி, வரவு செலவுக் கணக்கு தனி, கோயில் கணக்கில் புதிதாக ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம் என்ற பதிவு. கோபித்துக்கொண்டு போவதல்ல, பெற்றவர்களே சாமான் செட்டு கொடுத்து வைப்பது. ஸ்பின்-ஆஃபின் இலக்கணம் இதைவிடக் கச்சிதமாக எங்கும் இல்லை. 'வேறுவைப்பு' என்றே போட்டுவிடலாமா என்று யோசித்தேன். திருச்சி தாண்டினால் விளக்கவுரை கேட்பார்கள். பாவம், அவர்களுக்கும் படம் பார்க்க நேரம் வேண்டும்.

ஆகவே நன்னூலுக்குப் போனேன். வால்மீகி முதல்நூல் (மூலம்), கம்பன் வழிநூல் (மூலத்தைப் பின்பற்றியது) என்று கம்பன் விழா மேடையில் கேட்டு வளர்ந்த காரைக்குடிக்காரனுக்கு இது ஒன்றும் தூரமில்லை. சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து ஊரே கேட்டு வரும் பேச்சு. முதலுக்கும் வழிக்கும் அடுத்து மூன்றாவதாகச் சார்புநூலைச் சொல்லும் இடத்தில் நன்னூல் ஆசிரியர் பவணந்தி எழுதுகிறார்:

இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித்
திரிபுவேறு உடையது புடைநூ லாகும்.

'ஒருசிறை' என்பதைக் கவனியுங்கள். முன்னிரண்டு நூலோடும் ஒரு பகுதியில் மட்டும் ஒத்துப்போய், மற்றதில் வேறுபடுவது புடைநூல். சார்புநூலுக்கு அது இன்னொரு பெயர். சால் குட்மேனுக்கு அளவெடுத்துத் தைத்த சூத்திரம். ஆகவே என் முன்மொழிவு: புடைக்கதை.

> புடை என்றால் அடி, புடைப்பது என்றால் சுளகில் புடைப்பது. 'புடைப்படம்' என்றால் படத்தைப் போட்டு வெளுத்த மாதிரி இருக்கிறதே ஐயா?

சில படங்களுக்கு அதுவும் பொருந்தும். ஆனால் 'புடைசூழ' என்ற சொல் அரசியல் செய்தியில் இன்றும் வருகிறதே, தலைவர் தொண்டர்கள் புடைசூழ வந்தார் என்று. அங்கே புடை என்றால் பக்கம். புடைக்கதை, பக்கத்தில் நிற்கும் கதை. புடைப்படம் மட்டும் வீங்கினாற்போல் ஒலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதை விட்டுவிட்டுப் புடைக்கதை, புடைத்தொடர் இரண்டோடு நிறுத்துவோம்.

> நிறுவனச் செய்தியிலும் ஸ்பின்-ஆஃப் உண்டு. ஈபேயிலிருந்து பேபால் பிரிந்தது போல. ஒரே சொல் போதாதா?

போதாது அம்மா. 2015-இல் பேபால் தனி நிறுவனமானபோது இணையச் சந்தையான ஈபேயின் கையிலிருந்து பணம் செலுத்தும் சேவை என்ற ஒரு தொழிலே போனது. புடைக்கதை வந்ததால் மூலக்கதையில் ஒரு காட்சிகூடக் குறையாது. நிறுவனத்துக்குப் 'பிரிநிறுவனம்' என்று நீங்களே முன்பு எழுதியது நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. இந்தச் சொற்களை ஒன்றையொன்று விலக்கும் பெட்டிகளாக வைக்க வேண்டாம். 2015-இல் வந்த மினியன்ஸ் படம், டெஸ்பிகபிள் மீ என்ற படத்தின் புடைக்கதை. பெரும்பாலும் 1968-இல் நடப்பதால், அதற்கு முன்கதையும்கூட. அகராதிப் பதிவில் இரண்டு குறிப்பும் சேர்ந்து வர இடம் இருக்கட்டும்.

ரீபூட்டை இங்கே இழுக்காதீர்கள். கணினியில் மறுதொடக்கம் செய்தால் சேமித்த கோப்பெல்லாம் அப்படியே இருக்கும். படத்தில் ரீபூட் என்றால் முன்பு நடந்த எதுவும் கணக்கில் இல்லை. தனி இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் புடைக்கதையை முதலிலும், கிளைக்கதையைப் 'பிற வழக்கு' என்றும் ஏற்றிவிடுகிறேன். எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் வேறு யாராவது எழுதித் தாருங்கள். நான் எழுதினால் அதுவும் சூத்திரம் மாதிரியே இருக்கிறதாம், மகள் சொல்கிறாள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து