மறு: பிஸ்டனில் மாட்டும் கப் வாஷருக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் சொல்லாக்கக் குழுவில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஒரு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். காபி எந்திரத்தைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன். சனிக்கிழமை இரவுதான் பூட்டி முடித்தேன். அதற்குள் இழையில் பதினோரு மடல்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன்.

இடையில் சேர்ந்தவர்களுக்காகப் பொருள் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது மிலான் நகரத்து லா பவோனி நிறுவனத்தின் யூரோப்பிக்கோலா, எஸ்பிரெசோ (சுடுநீரை அழுத்தித் தூள் வழியாகத் தள்ளி இறக்கும் கெட்டிக் காபி) போடும் கை எந்திரம். 1960-களின் தொடக்கத்தில் வந்த வடிவம், பெரிய மாற்றமில்லாமல் இன்னும் விற்கிறது. என்னுடையது 80-களில் செய்தது. இத்தாலியில் படித்துவிட்டுத் திரும்பிய தங்கைக்கு, அவள் குடியிருந்த வீட்டுக்கார அம்மா கொடுத்தனுப்பினார். இதில் மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. கொதிகலனில் 0.8 லிட்டர் தண்ணீர், முன்னால் ஒரு நீளக் கைப்பிடி, அவ்வளவுதான். கைப்பிடியைத் தூக்கினால் உருளைக்குள் பிஸ்டன் ஏறும். உருளையின் பக்கத்துத் துளைகளைத் தாண்டி அது மேலே போனதும், கொதிகலனின் சுடுநீர் காபித்தூள்மேல் இறங்கும். சில நொடி ஊறவிட்டுக் கைப்பிடியை அழுத்தினால், அந்த நீரைப் பிஸ்டன் தூள் வழியாகத் தள்ளும். 1940-களின் பிற்பகுதியில் மிலானில் அக்கிலே காஜா நெம்புகோல் எந்திரங்களைக் கொண்டுவந்த பிறகுதான் எஸ்பிரெசோவின் தலையில் அந்தப் பொன்னிற நுரை வந்து உட்கார்ந்தது. அதற்கு முன் வெறும் நீராவி அழுத்தத்தில் இறங்கிய காபியில் அது கிடையாது. அவருடைய எந்திரத்தில் தள்ளும் வேலையை வில் பார்த்துக்கொண்டது. என்னுடையதில் வில் இல்லை, என் தோள்தான் தள்ள வேண்டும்.

நெம்புகோல் என்ற சொல்லில் யாருக்கும் பிணக்கில்லை. பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. பிஸ்டனுக்கு உந்துதண்டா, ஈழத்துப் பாடநூல்களில் உள்ள முசலமா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். இந்த மடலில் பிஸ்டன் என்றே எழுதுகிறேன்.

நான் பெயர் கேட்டது பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரப்பர் வளையத்துக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக இரண்டு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் 'ப' வடிவத்தில் இருக்கும். ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் பள்ளம் விட்டுத் திறந்திருக்கும். திறந்த பக்கத்தின் வெளி ஓரம் மெல்லிய உதடு மாதிரி சற்றே வெளியே சாய்ந்து நிற்கும். பள்ளத்துக்குள் நீரின் அழுத்தம் புகுந்தால் அந்த உதடு விரிந்து உருளையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் கூடக் கூட இறுக்கமும் கூடும். தட்டையான வாஷருக்கு இந்தக் குணம் இல்லை. அதை நாம் திருகி இறுக்கினால்தான் அது அடைக்கும். இது தன்னை எதிர்க்கும் நீரையே துணைக்கு வைத்துக்கொண்டு அடைக்கிறது.

இதில் திசைதான் எல்லாம். கீழ் வளையத்தின் திறந்த பக்கம் கீழே, காபியைப் பார்த்து இருக்க வேண்டும். அழுத்தும்போது எழும் 9 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) வரையிலான அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். மேல் வளையத்தின் திறந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். கைப்பிடி கீழே இருக்கும்போது பிஸ்டனுக்கு மேலே கொதிகலன் நீர் வந்து நிற்கும், அது சும்மா கோப்பைக்குள் ஒழுகாமல் காப்பது மேல் வளையம். அதன்மேல் விழும் அழுத்தம் 0.8 பார் அளவுதான். 9 பார் என்றால் எவ்வளவு என்று கேட்ட தம்பிக்கு: உருளையின் விட்டம் 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன்மேல் ஏறக்குறைய 115 கிலோ எடை உட்கார்ந்த மாதிரி. கைப்பிடி அவ்வளவு நீளமாக இருப்பது அதனால்தான்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

"வாஷர் என்றே விட்டுவிடலாம், ஊரெல்லாம் புரிகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் முதலில் அதில் மறுப்பில்லை. குழாய் வாஷர் போய்விட்டது என்று சொல்லித்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் கோவையில் பம்பு உதிரி விற்கும் ஒரு கடையில் பழைய பிஸ்டனைக் காட்டாமல், அளவை மட்டும் சொல்லி "ரப்பர் வாஷர்" என்று கேட்டேன். தட்டை வளையம் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். கடைக்காரர்மேல் பிழையில்லை. நான் சொன்ன சொல்லுக்கு அதுதான் பொருள். இந்த எந்திரத்திலேயே தட்டை வளையம், ஓ-ரிங் (உருண்டையான ரப்பர் வளையம்), திருகுக்கு அடியில் போடும் இரும்பு வளையம் என்று வாஷர் எனத் தகும் பொருள்கள் பல இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைத்தால் செய்முறை எழுத முடியாது.

இழையில் ஐயா முன்வைத்த 'அடைப்பான்' நல்ல சொல். ஆனால் அது பாட்டில் மூடிக்கும் தக்கைக்கும் போய்விட்டது. அடைக்கிறது என்று சொல்கிறதே தவிர, எப்படி அடைக்கிறது என்று சொல்லவில்லை.

அதே இழையில் அக்கா தந்த 'விரிவாய்வளையம்' பொருளில் மிகச் சரி. விரிகிற வாயுள்ள வளையம். இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் இரவு முழுக்க நினைத்திருந்தேன். பிறகு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "மேலே உள்ளதை விரிவாய் வளையத்தோடு பொருத்தவும்." படிப்பவர் 'விரிவாக' என்றுதான் படிப்பார். சேர்த்து எழுதினாலும் கண் அங்கேதான் போகிறது. தனியாக நிற்கும்போது அழகாக இருந்து, வாக்கியத்துக்குள் போனதும் தடுக்கிவிடுகிற சொல்லை நாம் பலமுறை உண்டாக்கியிருக்கிறோம். இனிமேல் ஒவ்வொரு சொல்லையும் மூன்று வாக்கியத்திலாவது வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்பது என் வேண்டுகோள்.

நான் முதலில் சொன்ன 'இதழடை'யைத் திரும்பப் பெறுகிறேன். அடை என்றதும் தோசைக்கல் நினைவு வருகிறது என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். அதுவும் சரிதான்.

சனிக்கிழமை என்ன நடந்தது என்றால், சரியான வளையங்கள் கைக்கு வந்த பிறகும் நான் பிழை செய்தேன். பிஸ்டனை உருளையின் கீழ்வழியாக உருவி எடுத்தபோது பழைய வளையங்கள் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போயிருந்தன. பித்தளையில் கீறல் விழக்கூடாது என்று மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பி எடுத்தேன். துண்டுதுண்டாக உடைந்து வந்தன. எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. புதியவற்றைச் சுடுநீரில் போட்டு இளக்கி, உணவுப் பொருளுக்கு ஏற்ற சிலிகான் கிரீஸ் தடவி, இரண்டையுமே மேல்பார்த்து மாட்டிவிட்டேன். கொதிகலன் சூடேறியது. கைப்பிடியைத் தூக்கி, ஊறவிட்டு, அழுத்தினேன். எதிர்ப்பே இல்லை. காற்றை அழுத்துவதுபோலக் கைப்பிடி தானாகக் கீழே வந்தது. கோப்பையில் நாலு சொட்டு. தள்ள வேண்டிய நீர் வளையத்தின் ஓரமாக ஏறி, பிஸ்டனுக்கு மேலே போய்விட்டது.

பக்கத்தில் நின்ற அப்பாதான் சொன்னார்: "சைக்கிள் பம்புல தோல் மடங்கிப் போச்சுன்னா இப்படித்தான்டா இருக்கும். தோலை விரிச்சு விடணும்."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் வந்துவிட்டது. சைக்கிள் பம்பு காற்றுத் தராவிட்டால் தண்டை உருவி, முனையில் இருக்கும் தோல் கிண்ணத்தை விரலால் விரித்துவிட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் போட்டுத் திரும்பச் செருகுவோம். அது இதே பொருள்தான். தள்ளும்போது தோல் விரிந்து சுவரைப் பிடிக்கும், இழுக்கும்போது சுருங்கிக் காற்றை உள்ளே விடும். அடிபம்புக்குள் இருக்கும் கப் வாஷரும் அதுவே. அங்கே நீரைத் தூக்க வேண்டியிருப்பதால் கிண்ணம் மேல்பார்த்து இருக்கும். ஆக, மிலானிலிருந்து வந்த பொருளுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த நமக்கு, அந்தப் பொருளைப் பற்றிய வினைச்சொல் வீட்டிலேயே இருந்திருக்கிறது: விரி.

எனவே என் முன்மொழிவு: விரியிதழ்.

வினைத்தொகை. விரிந்த, விரிகின்ற, விரியும் இதழ். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது மூன்று காலத்திலும் விரியத்தான் செய்கிறது. இதழ் என்றால் உதடு, இதழ் என்றால் பூவிதழ். இரண்டு பொருளும் இந்த வடிவத்துக்குப் பொருந்துகின்றன. முழுப் பெயர் வேண்டுமென்றால் விரியிதழ் வளையம். பேச்சில் இதழ் என்று மட்டும் சொன்னாலும் ஓடும்: இதழ் கிழிந்துவிட்டது, இதழ் இறுகிவிட்டது. இத்தாலியில் இதை 'குவார்னிட்சியோனே அ லாப்ரோ' என்பார்கள், லாப்ரோ என்றால் உதடு. அதைப் பார்த்து நான் மொழிபெயர்க்கவில்லை. இதழ் என்று எழுதிய பிறகுதான் உதிரிப்பாகப் பட்டியலில் அந்தச் சொல்லைக் கண்டேன். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே இடத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

"கவிதை மாதிரி இருக்கிறது, பட்டறையில் யார் சொல்வார்கள்" என்று ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். மின்விசிறியும் எழுத்தில் அழகான சொல்தான். பேச்சில் ஃபேன் என்பவரும் கையேட்டில் அதைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்கிறார். எனக்கு வேண்டியது அந்த அளவுதான். பட்டறையில் கப் வாஷர் என்றே சொல்லட்டும். எழுதிய குறிப்பைப் பார்த்து ஒருவர் எந்திரத்தைப் பூட்டும்போது, திசை தவறாமல் இருக்க வேண்டும்.

மூன்று வாக்கியச் சோதனை இதோ:

"கீழ் விரியிதழின் திறந்த பக்கம் காபித்தூளைப் பார்த்திருக்க வேண்டும்."

"கைப்பிடி எதிர்ப்பின்றி இறங்கினால் கீழ் விரியிதழ் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்."

"மேல் விரியிதழ் தேய்ந்தால், கைப்பிடி கீழே இருக்கும்போதே கோப்பையில் நீர் சொட்டும்."

மற்றவற்றில், ஓ-ரிங்கை இப்போதைக்கு ஓ-ரிங் என்றே விடலாம். தட்டை வாஷருக்குத் தட்டைவளையம் போதும். இரண்டுக்காகவும் இந்த இழையை இன்னும் நீட்ட வேண்டாம்.

கீழ் வளையத்தைத் திருப்பி மாட்டிய பிறகு ஞாயிறு காலை முதல் கோப்பை இறங்கியது. கைப்பிடி பாதி வழியில் நின்று தோளை எதிர்த்தது. அப்புறம் மெல்ல இறங்கியது. நுரை ஒரு விரல் அகலம் இல்லை, ஒரு நூல்தான். அப்பா குடித்துவிட்டுச் சர்க்கரை கேட்டார்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு ஒரு கேள்வி மட்டும் மீதம். உங்கள் பக்கம் சைக்கிள் பம்பின் அந்தத் தோலை விரித்துவிடும் வேலைக்கு என்ன சொல்வீர்கள்? விரி என்பதைவிடப் பொருத்தமான வினை அங்கே புழங்கினால் எழுதுங்கள், சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கோவையிலிருந்து